இயற்பியலில் ஐம்பத்திரண்டு

வேலூர் மத்திய சிறை
6 ஏப்ரல் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் பிடித்த இருமல் விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

பரீட்சை எப்படி எழுதினாய் என்று போனில் அம்மாவைக் கேட்டால் “நல்லா எழுதிக்கிறாடா” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள். கொடுக்கிற கொஞ்ச நேரமும் அதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும், நாம் என்ன ரகசியமா எழுதப் போகிறோம்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு இப்போதே ஒரு லிஸ்ட் தயார் செய்ய வேண்டும் பாப்பா. நான் செய்த தப்பை நீ செய்யக் கூடாது. நான் பேர் கேள்விப்பட்ட ஐந்து காலேஜை மட்டும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றில் பயந்துபோய், பிரவுசிங் சென்டர்காரர் காட்டியதையெல்லாம் போட்டேன். எங்கேயோ மெக்கானிக்கல் வந்தது. பிடிக்காமல் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு அப்பாவின் லோடு வண்டியை ஓட்ட வந்தேன். அன்றைக்கு வேறு லிஸ்ட் போட்டிருந்தால் நான் அந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டேன். இங்கே வந்த பிறகு இதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

நீ பத்தாவதில் 471. பதினொன்றில் அறுநூறுக்கு 338. அதற்குக் காரணம் நான்தான். நீ பதினொன்றாவது சேர்ந்த ஜூன் மாதம் நான் வண்டியால் ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது, நீ புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். நல்ல வேளை, கட்-ஆஃபுக்குப் பதினொன்றாவது மார்க்கைச் சேர்ப்பதில்லை. பன்னிரண்டில் கணக்கு நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. அவ்வளவுதான். மூன்று பேப்பரும் எப்படி என்று தனித்தனியாக எழுது.

அப்பாவை ஒருமுறையாவது என்னைப் பார்க்க வரச் சொல். வராவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்,
மாறன்

கீழ்பென்னாத்தூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம் கம்மியாகி இருக்கிறது. அவள் வேலை செய்யும் வேங்கிக்கால் ஆபீசில் மாடிப் பக்கம் பெருக்கும் வேலையை வேறொரு அக்காவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா மண்டியில் மூட்டை தூக்கப் போகிறார். மல்லாட்டை வரத்து இருக்கும்வரை வேலை இருக்கும்.

கணக்கு நன்றாக எழுதினேன். கம்ப்யூட்டரும் நன்றாக எழுதினேன். வேதியியல் சுமார்.

இங்கே வெயில் ஜாஸ்தி. அங்கே ஃபேன் இருக்கிறதா?

அப்பாவிடம் சொன்னேன். மூட்டைக் கொக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் தங்கை,
சிந்துஜா

கீழ்பென்னாத்தூர்
10 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோருக்கும் சுகம்.

ரிசல்ட் வந்துவிட்டது. தமிழ் 84, ஆங்கிலம் 62, கணக்கு 96, இயற்பியல் 52, வேதியியல் 71, கம்ப்யூட்டர் சயின்ஸ் 88. மொத்தம் 453. கட்-ஆஃப் 157.5 வருகிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் வருவேன். அதில் சீட் கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடும் என்று ஹெச்.எம். சொன்னார்.

அம்மா பாயசம் வைத்தாள். அப்பா என் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உன் தங்கை,
சிந்துஜா

வேலூர் மத்திய சிறை
19 மே 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் நலமே. உன் கடிதத்தை இங்கே நாலு பேருக்காவது காட்டியிருப்பேன். கணக்கில் 96! நம் வீட்டில் யார் வாங்கினார்கள்?

இப்போது லிஸ்டுக்கு வருவோம். பிரவுசிங் சென்டர் வல்லரசு அண்ணனிடம் போ. போன வருடம் எந்தக் காலேஜில் எந்தப் பாடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் இருக்கும், நம் பிரிவுக்கானதைப் பார்த்து எடு. நோட்டில் மூன்று பாகமாகப் பிரி. உனக்கு மேலே பத்து மார்க் வரை இருப்பதெல்லாம் முதல் பாகம். கிடைக்காது என்று தோன்றினாலும் போடு, போடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. உன் மார்க்கை ஒட்டி இருப்பது நடு பாகம். அதுதான் நிறைய இருக்க வேண்டும். உனக்குக் கீழே இருபது மார்க்கில் முடிந்தவை கடைசி பாகம். அந்தக் கடைசி பாகத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வந்தால் சேர மாட்டேன் என்று தெரிந்த ஒரு காலேஜைக்கூட அதில் போடாதே. நான் போட்டேன்.

சென்னையில் இருக்கும் பெரிய காலேஜ்களை மேலே போடு. வேலூரில் இருக்கும் அரசு காலேஜ் உனக்குக் கட்டாயம் வரும் என்று நினைக்கிறேன், அதை நடுவில் வை.

ஒரு விஷயம் பாப்பா. இயற்பியல் ஏன் 52? கணக்கில் 96 எடுக்கிற பிள்ளை இயற்பியலில் இப்படி எடுக்க மாட்டாள். 75 எடுத்திருந்தால்கூடக் கட்-ஆஃப் 169. அந்த வித்தியாசத்தில் பத்துக் காலேஜ் மேலே போயிருக்கலாம். அன்றைக்கு உடம்பு சரியில்லையா? மறுகூட்டல் போடலாமா? மார்க் ஷீட்டில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு.

உன் அண்ணன்,
மாறன்

கீழ்பென்னாத்தூர்
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் எழுது. பதில் எழுத லேட்டாகிவிட்டது.

அப்ளிகேஷன் போட்டாகிவிட்டது. நீ சொன்னபடி பட்டியல் பார்த்தோம். நான் எழுதி வைத்திருப்பது இது: தேனிப் பக்கம் இருக்கும் அரசு காலேஜ், திருநெல்வேலி, காரைக்குடி, நாகர்கோவில், தூத்துக்குடி, ராமநாதபுரம். எல்லாவற்றிலும் முதலில் கம்ப்யூட்டர், அடுத்தது எலெக்ட்ரானிக்ஸ், அப்புறம் எலெக்ட்ரிகல். மொத்தம் பதினெட்டு வருகிறது. எல்லாம் நடு பாகமும் கடைசி பாகமும்தான்.

மார்க் ஷீட்டில் இயற்பியல்: தியரி 22, பிராக்டிகல் 20, இன்டெர்னல் 10. மறுகூட்டல் வேண்டாம். கடைசி தேதியும் முடிந்துவிட்டது.

அம்மா உன்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறி அடுத்த வாரம் வருவாள். முறுக்கு உள்ளே விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை,
சிந்துஜா

வேலூர் மத்திய சிறை
17 ஜூன் 2025

பாப்பாவுக்கு,

நலம். முறுக்கு விட மாட்டார்கள்.

உன் லிஸ்டை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சென்னை இல்லை. வேலூர் இல்லை. விழுப்புரம், சேலம் எதுவும் இல்லை. எல்லாம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். காலேஜ் தேடுகிற மாதிரி இல்லை, ஊரை விட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது.

மார்க்கையும் பார்த்தேன். பிராக்டிகலில் இருபதுக்கு இருபது, இன்டெர்னலில் பத்துக்குப் பத்து. அப்படி முழுசாக வாங்குகிறவள் தியரியில் எழுபதுக்கு 22 எடுப்பாளா? பேப்பரை எழுதாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். எனக்குத் தெரியும், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். எதற்காக? யாராவது பையனா? போன் பேசிக்கொண்டே வருடத்தை ஓட்டிவிட்டாயா? நான் உள்ளே இருக்கிறேன், அப்பா எதையும் கண்டுகொள்ள மாட்டார், கேட்க ஆள் இல்லை என்று நினைத்தாயா?

இந்த வீட்டில் நான் ஒருவன் கெட்டது போதாதா?

உண்மையை எழுது. அதுவரை லிஸ்டை மாற்றிப் போடு, வேலூரை முதலில் வை.

மாறன்

கீழ்பென்னாத்தூர்
5 ஜூலை 2025

மகன் மாறனுக்கு அம்மா பாஞ்சாலை எழுதிக்கொள்வது.

நல்லா இருக்கியாப்பா. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்கு எழுத்து சரியா வராது, நீ கூட்டிப் படிச்சுக்கோ. பாப்பா உனக்கு லெட்டர் போடலன்னு சொன்ன. நான் கேட்டா அப்புறம் எழுதறேன்னு சொல்லுது. நீ எழுதின லெட்டர அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிக்கிது. நான் எடுத்துப் படிக்கல. சாப்பாடு எறங்கல பொண்ணுக்கு. என்னா எழுதின நீ?

இன்னும் கொஞ்ச நாள்ல கம்ப்யூட்டர்ல காலேஜ் பேரு போடணுமாம். வேலூர் போடும்மான்னு சொன்னேன். வேலூர்னா நான் ஒரே பஸ்ல வந்து உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிடுவேன். கால் வலிக்கு அது தேவல. நீ சொன்னா கேக்கும். சொல்லு.

உங்கப்பா உன் பழைய சட்டைய போட்டுக்கிட்டுதான் மண்டிக்குப் போறாரு. அவரு மேல கோவப்படாத.

இப்படிக்கு
அம்மா

கீழ்பென்னாத்தூர்
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? நான் நலம். இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். யார் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

பையன் இல்லை. போன் இல்லை.

பன்னிரண்டாவது ஆரம்பத்தில் எங்கள் ஸ்கூலுக்கு மாற்றலாகி வந்த இயற்பியல் டீச்சர் பெயர் நந்தினி. உனக்கு அவர் முகம் தெரியுமா என்று தெரியவில்லை. அவர் கோர்ட்டில் சாட்சி சொன்ன அன்று நீ தலையைத் தூக்கவே இல்லை. நீ வண்டியால் அடித்த அறிவுச்செல்வன் அவருடைய வீட்டுக்காரர்.

முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுத்தார். என் பெயரில் நிறுத்தினார்.

“அப்பா பேரு?”

“மணி, மிஸ்.”

கோர்ட் வராண்டாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். வருடம் முழுக்க என்னை ஒரு சொல் திட்டவில்லை. கேள்வி கேட்க மாட்டார். பேப்பர் திருத்திக் கொடுக்கும்போது என்னுடையதை மட்டும் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார், மார்க்கை யாரும் பார்க்கக் கூடாது என்று. திட்டியிருந்தால் நான் படித்திருப்பேன். வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அவர் குரல்தான் கேட்கும். மூடிவிடுவேன். லேப் இருக்கும் நாளில் தலைவலி என்று கிளாசிலேயே படுத்துக்கொள்வேன். நீ அப்போது ஜாமீனில் வீட்டில்தான் இருந்தாய். சொல்லலாம் என்று வருவேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய்.

நவம்பரில் தீர்ப்பு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போன இரண்டாம் நாள், ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். வேறு யாரும் இல்லை.

“உக்காரு.”

நான் உட்காரவில்லை.

“உங்கண்ணன பாக்கப் போவியா?”

“அம்மா போவாங்க மிஸ். நான் லெட்டர் போடுவேன்.”

“ஒண்ணு கேட்டுச் சொல்றியா? அவரு ரோட்ல கெடந்தப்ப உசுரோட இருந்தாரா? அது உங்கண்ணனுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு டாக்டரு உசுரு ஒடனே போயிருக்கும்னு சொல்றாரு. இன்னொருத்தரு அரமணி நேரமாவது இருந்திருப்பாருன்னு சொல்றாரு. உங்கண்ணன் கோர்ட்ல மூணு தடவ மூணு விதமா சொன்னான். இத வெச்சி நான் எங்கயும் போகப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

“கேக்கறேன் மிஸ்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் ஆகிறது. நான் உன்னைக் கேட்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்று பயமாக இருந்தது. மிஸ்ஸும் திரும்ப ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கிளாசுக்குள் வரும்போது ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். தினமும் அந்த ஒரு பார்வை. அப்புறம் நான் எப்படிப் படிப்பேன், சொல்.

பிராக்டிகல் பரீட்சையில் எனக்கு இணைப்புக் கொடுக்கத் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த சார் அந்தப் பக்கம் திரும்பியபோது மிஸ் வந்து, ஒயரைத் தன் கையால் மாட்டிவிட்டுப் போனார். என் கையில் அவர் கை படவில்லை. இருபதுக்கு இருபது அப்படித்தான் வந்தது, இன்டெர்னல் பத்தும் அவர் போட்டதுதான். நீ கேட்டாய் அல்லவா, அதற்காக எழுதுகிறேன். தியரியில் அப்படி யாரும் மாட்டிவிட முடியாது. முப்பது மார்க்குக்கு எழுதினேன், மீதியைக் கோடு போட்டு மூடினேன்.

வேலூர் போட மாட்டேன். இந்த ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாவிலும் போட மாட்டேன். மார்க்கெட்டில் நின்றால்கூட ‘அந்த லோடு வண்டிப் பையன் தங்கச்சி’ என்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லாதே. வேலூர் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மிஸ் கேட்டதை இப்போது கேட்கிறேன். உயிர் இருந்ததா?

சிந்துஜா

வேலூர் மத்திய சிறை
4 ஆகஸ்ட் 2025

பாப்பா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

போன கடிதத்தில் நான் உன்னைப் பேசியதை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உயிர் இருந்தது.

வண்டியை நிறுத்தவில்லை, ஏதோ இடித்த மாதிரி இருந்தது, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று கோர்ட்டில் சொன்னேன். நிறுத்தினேன். இறங்கினேன். செஞ்சியில் மூட்டை இறக்கிவிட்டு, குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். திண்டிவனம் ரோட்டில் பொழுது சாய்கிற நேரம். பைக் புளிய மரத்தடியில் கிடந்தது. அவர் மண்ணில் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். ரத்தம்கூட அதிகம் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “தம்பி, போனு எங்கியோ விழுந்துடுச்சு, கொஞ்சம் பாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழியில் போகிற யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் தேடினேன் பாப்பா. குனிந்து புல்லுக்குள் கையை விட்டுத் தேடினேன். அப்போது செஞ்சிப் பக்கமிருந்து பஸ் லைட் தெரிந்தது. வாயில் நாற்றம். லைசென்சும் இல்லை. ஓடிப் போய் வண்டியை எடுத்துவிட்டேன். பஸ்காரர்கள் பார்த்து நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில்தான் போலீஸ் வீட்டுக்கு வந்தது.

எவ்வளவு நேரம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தது ஐந்து நிமிடம் இருக்கலாம்.

இதை வக்கீலிடம்கூடச் சொன்னதில்லை. ஹைகோர்ட்டில் அப்பீல் இருக்கிறது, அனுப்புவதற்கு முன்னால் இங்கே படிப்பார்கள், இது வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் மூன்று வாரம் போனது. அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

வேலூர் போட வேண்டாம். உன் லிஸ்டே சரியான லிஸ்ட். அதில் என் கணக்கைக் கலக்காதே. கம்ப்யூட்டர் எங்கே கிடைக்கிறதோ அங்கே போ.

அண்ணன்

தேனி மாவட்டம்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன். உடம்பு சரியாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, பழகிவிடும். அம்மாவும் அப்பாவும் வந்து விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஹாஸ்டல் வாசலில் உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் திருத்திக்கொண்டார்.

லிஸ்டில் முதலில் போட்ட காலேஜ்தான். ஆனால் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. மூன்றரை மார்க்கில் போய்விட்டது. எலெக்ட்ரானிக்சும் இல்லை. எலெக்ட்ரிகல் வந்தது. திருநெல்வேலியில் எலெக்ட்ரானிக்ஸ் வந்திருக்கும், இந்தக் காலேஜின் மூன்று பாடத்தையும் சேர்த்து முதலில் போட்டதால் இங்கேயே நின்றுவிட்டது. காலேஜுக்குப் பதிலாகப் பாடத்தை வைத்து வரிசை போட்டிருக்க வேண்டும் என்று வல்லரசு அண்ணன் பிறகு சொன்னார். பரவாயில்லை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வேங்கிக்கால் போனேன். அம்மாவின் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நந்தினி மிஸ் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், “சீட் கெடச்சுதா?” என்றார். கிடைத்தது என்றேன். அப்புறம் வாசலில் நின்றபடியே நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று வேக வேகமாகச் சொன்னேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில், “போன் கேட்டாரா?” என்றார்.

“ஆமா மிஸ்.”

“எனக்குப் பண்ணத்தான் கேட்டிருப்பாரு” என்றார். “என் போனு அன்னிக்கு சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிருந்துச்சு. பண்ணி, எடுக்கலன்னு நெனச்சிட்டாரோன்னு ரெண்டு வருஷமா...”

உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார். என்னிடம் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

“மொத செமஸ்டர்லயே பிசிக்ஸ் வரும். இங்க வுட்டத அங்க வுட்டுடாத” என்றார். “இனிமே இங்க வராதம்மா.”

அவ்வளவுதான் நடந்தது. திட்டவும் இல்லை, மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் ஃபாரத்தில் உடன்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. பெயர், வயது, என்ன செய்கிறார், முகவரி. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அப்பா பார்த்தார். பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

இங்கே வரும் தபாலை எல்லாம் வார்டன் மேசையில் பரப்பி வைக்கிறார்கள். எல்லோரும் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். உன் கவரில் சிறை முத்திரை இருக்கும். அதனால் இங்கே எழுதாதே அண்ணா. வீட்டுக்குப் போடு. கார்த்திகை தீபத்துக்கு லீவு விட்டால் வந்து படிக்கிறேன்.

உன் தங்கை,
சிந்துஜா

வேலூர் மத்திய சிறை
14 செப்டம்பர் 2025

சிந்துஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது மழைக்காலம் ஆகியிருக்கும். அப்போதும் நலமாக இரு. அங்கே மலைப் பக்கம் குளிர் ஜாஸ்தி என்று இங்கே ஒருவர் சொன்னார். அம்மாவிடம் கேட்டு ஒரு கம்பளி எடுத்துக்கொண்டு போ.

எலெக்ட்ரிகல் நல்ல பாடம்தான். வரிசை போட்டதில் தப்பு என் பேரில். காலேஜைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன், பாடத்தை வைத்து வரிசைப்படுத்து என்று உனக்கு ஒரு வரி எழுதவில்லை.

மிஸ் சொன்னதைப் படித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அப்பீல் வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

ஃபாரத்தில் நீ எழுதியது சரி. ஆனால் ஒன்று கவனி. நாலு வருடம் அங்கே இருக்கப் போகிறாய். ரூமில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் கேட்பார்கள், வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஒருவரிடம் இருக்கிறான் என்றும் இன்னொருவரிடம் இல்லை என்றும் சொல்லாதே. வெளிநாட்டில் இருக்கிறான், செத்துப்போய்விட்டான் என்றெல்லாம் புதிதாக எதையும் சேர்க்காதே. சேர்த்தால் அதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டி வரும். கோர்ட்டில் நான் அப்படித்தான் மாட்டினேன்.

யார் கேட்டாலும் வீட்டுக்கு ஒரே பெண் என்று சொல். எப்போதும் அதையே சொல்.

மாறன்